நண்டு முதல் நாய் வரை: விலங்குக்கு ஆன்மா உண்டா, மனித ஆன்மாவிலிருந்து எங்கே வேறுபடுகிறது?

#1 தேக்கா தும்பி

இந்தக் கேள்வி இங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டும். யாராவது தன் பூனை கண்ணீர் விட்டதைச் சொல்வார், இன்னொருவர் கோழிக்கறிக்குத் தாவுவார், நெறியாளர் இழையைப் பூட்டுவார். இந்த முறை ஒரே ஒரு கட்டுப்பாடு: சொந்தக் கதை வேண்டாம், செல்லப்பிராணிகளுக்குத் தனி இழை இருக்கிறது. உங்கள் சமயமோ துறையோ துல்லியமாக என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.

விலங்கிடம் இருப்பது மனிதனிடம் இருக்கும் அதே வகைப் பொருளா, வேறு வகையா? உடம்பு விழுந்தபின் அது என்ன ஆகிறது? அந்த விடை சரியென்றால், நம் சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலும் ஈரச்சந்தையிலும் நாம் செய்வது ஏதாவது மாறுமா?

இன்னொன்று. உயிர், ஆன்மா, ஆவி, சீவன் நான்கும் ஒன்றல்ல. எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாக்கிவிட்டு எழுதுங்கள். பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

#2 செம்பில் களிம்பு

சைவ சித்தாந்தத்திலிருந்து தொடங்குகிறேன். இங்கே 'உயிர்', 'ஆன்மா', 'பசு' மூன்றும் ஒரே பொருளைக் குறிக்கும். எறும்பின் ஆன்மாவும் யானையின் ஆன்மாவும் மனிதனின் ஆன்மாவும் ஒரே வகை. படைக்கப்பட்டவை அல்ல, அழிவதும் இல்லை, எண்ணிக்கையில் பல. எல்லாவற்றிலும் ஆணவம் (அறிவை மறைக்கும் அழுக்கு) செம்பில் களிம்புபோல் ஒட்டியே இருக்கிறது. மனிதனும் விலங்கும் 'சகலர்' என்ற ஒரே வகுப்பில் வருகிறார்கள். ஆணவம், கன்மம் (வினை), மாயை (உடம்பும் உலகும் தோன்றும் மூலப்பொருள்) மூன்றும் உடையவர்கள்.

வேறுபாடு தனு, கரணம், புவனம், போகம் நான்கில். தனு உடம்பு, கரணம் கருவிகள், புவனம் வாழுமிடம், போகம் நுகர்ச்சி. ஆன்மாவின் அறிவு கருவி வழியாகத்தான் வெளிப்படும். இருட்டறையில் கண் இருந்தும் விளக்கில்லாமல் பார்க்க முடியாததுபோல, ஆன்மாவுக்கு அறியும் இயல்பு இருந்தும் கொடுக்கப்பட்ட கருவி அளவுக்குத்தான் அறியும். புழுவுக்குக் கிடைத்தது சின்ன அகல். மனிதனுக்குக் கிடைத்தது கொஞ்சம் பெரிய விளக்கு.

பிறப்பு நான்கு வழி: முட்டையில் அண்டசம், கருப்பையில் சராயுசம், வியர்வையில் சுவேதசம், வித்திலும் வேரிலும் உற்பிச்சம். யோனிபேதம், அதாவது பிறப்பு வகை, 84 லட்சம். பழைய வெண்பா ஒன்று இதைப் பிரித்துக் காட்டும்: தாவரம் 20 லட்சம், தேவர் 14, ஊர்வன 11, நீர்வாழ்வன 10, பறவை 10, நாற்கால் விலங்கு 10, மனிதர் 9. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். மனிதப் பங்குதான் இருப்பதிலேயே குறைவு.

விலங்குடம்பு பெரும்பாலும் பழவினையை நுகர்ந்து கழிக்கும் உடம்பு. மனித உடம்பில் நுகர்வதோடு புதுவினையும் (ஆகாமியம்) ஏறும். அதனால் மனிதப் பிறவி அரிது என்பது பெருமைப் பேச்சு மட்டுமல்ல, அதில் ஆபத்தும் இருக்கிறது. புலி மானைக் கொன்றால் அதற்குப் பாவக்கணக்கு இல்லை. நமக்கு உண்டு.

#3 புளோக் அடிப் பூனை

"பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்". வள்ளுவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். இழையை மூடலாமே 😀

#4 ஏட்டுச்சுவடி

மூட வேண்டாம் தம்பி. அந்தக் குறள் (972) 'பெருமை' அதிகாரத்தில் வருவது. அடுத்த அடி "சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்". தொழிலால் வரும் சிறப்பைப் பேசுகிறது. புறாவுக்கு ஏது செய்தொழில்? மனிதருக்குள் பிறப்பு வேற்றுமை இல்லை என்பதுதான் அங்கே பொருள். விலங்குயிருக்கு மேற்கோள் வேண்டுமென்றால் 'புலால் மறுத்தல்', 'கொல்லாமை' அதிகாரங்களுக்குப் போங்கள். உயிருக்கும் உடம்புக்கும் உள்ள உறவுக்கு 338: கூடு தனித்துக் கிடக்கப் பறவை பறந்து போவதுபோல என்கிறார். உவமைக்கு அவர் எடுத்ததே ஒரு பறவையை.

நான் சொல்ல வந்தது தொல்காப்பியம். மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறார். உற்றறிதல், நா, மூக்கு, கண், செவி, மனம் என்று ஒவ்வொன்றாக ஏறும் வரிசை. புல்லும் மரமும் ஓரறிவு. நந்தும் முரளும் (நத்தையும் சிப்பி வகையும்) ஈரறிவு. சிதலும் எறும்பும் மூவறிவு. நண்டும் தும்பியும் நான்கறிவு. மாவும் மாக்களும் ஐயறிவு. மக்கள் ஆறறிவு.

பள்ளிக்கூடத்தில் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். பாட்டில் இன்னும் இரண்டு நுட்பம் இருக்கிறது.

ஐந்தறிவில் 'மா' மட்டும் இல்லை, 'மாக்களும்' இருக்கிறார்கள். மனித உருவம் இருந்தும் மனவறிவு வேலை செய்யாதவர்களை விலங்கோடு ஒரே வரியில் வைத்துவிட்டார். இனத்தைப் பார்த்து இடம் கொடுக்கவில்லை, அறிவைப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

அடுத்து, ஆறறிவைச் சொன்னபின் "ஒருசார் விலங்கும் உளவென மொழிப" என்று ஒரு நூற்பா. விலங்கிலும் சிலவற்றுக்கு ஆறாம் அறிவு உண்டு என்கிறார்கள் என்று பொருள். உரையில் கிளி, குரங்கு, யானை எடுத்துக்காட்டாக வருகின்றன. "மனிதனுக்கு மட்டும்தான் ஆறறிவு" என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த நூற்பாவைத் தாண்டிக் குதித்துத்தான் போக வேண்டும்.

அங்கே பேச்சு 'அறிவு' பற்றியது, 'ஆன்மா அழியுமா' என்பது பற்றி அல்ல. அதைத் தொல்காப்பியத்தில் தேடினால் கிடைக்காது.

#5 நுண்ணோக்கி

#4-க்கு ஒரு சிறு குறிப்பு. உயிரியல் பாடமாக எடுத்தால் அந்தப் பட்டியல் தேறாது. பெரும்பாலான எறும்புகளுக்குக் கூட்டுக்கண் உண்டு. நத்தை மோப்பத்தால் வழி தேடும், உணர்கொம்பு நுனியில் கண்ணும் இருக்கும். நண்டு நிலத்தின் அதிர்வை நன்றாக உணரும். வகைப்பாட்டின் யோசனை அழகானது. உறுப்புக் கணக்கு இன்று செல்லாது.

#6 அருகன் நிழல்

அந்த வரிசை, ஊறு, சுவை, நாற்றம், ஒளி, ஓசை, சமண ஆகமத்தில் உள்ள அதே வரிசை. ஏகேந்திரியம் (ஒரு பொறி) முதல் பஞ்சேந்திரியம் (ஐம்பொறி) வரை. நாங்கள் ஒருபடி மேலேயும் போவோம். மண், நீர், தீ, காற்று இவற்றையே உடம்பாகக் கொண்ட ஓரறிவு உயிர்களும் உண்டு என்பது சமணம்.

கேள்விக்கு நேராக வருகிறேன். சீவன் எல்லாம் ஒரே தன்மை. தனிச்சிறப்பு என்னவென்றால், சமணத்தில் ஆன்மாவுக்கு அளவு உண்டு. எந்த உடம்பில் புகுகிறதோ அந்த உடம்பின் அளவுக்கு விரியும், சுருங்கும். அதே விளக்கைக் குடத்துக்குள் வைத்தால் குடமளவு ஒளி, கூடத்தில் வைத்தால் கூடமளவு ஒளி. யானையின் சீவன் அடுத்த பிறவியில் எறும்பானால் எறும்பளவாகும். 'மனித ஆன்மா பெரிது' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

ஐயறிவு விலங்கிலும் இரண்டு பிரிவு: மனம் உள்ளவை, மனம் இல்லாதவை. மனமுள்ள விலங்கு நல்லறிவு பெறலாம், சிறு விரதங்களும் ஏற்கலாம். குணத்தானம் என்னும் 14 படிகளில் 5ஆம் படிவரை விலங்கால் ஏற முடியும் என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். மகாவீரர் முற்பிறவிகளில் ஒன்றில் சிங்கமாக இருந்தபோதே அறம் கேட்டார் என்பது மரபு. அதற்கு மேலே ஏறவும் வீடுபேற்றுக்கும் மனித உடம்பு வேண்டும்.

#7 புளோக் அடிப் பூனை

சரி, குறளில் மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனா சித்தாந்தத்திலும் விலங்கு முத்தி அடையாதா? நாரைக்கு முத்தி கொடுத்தது, கரிக்குருவிக்கு உபதேசம் பண்ணது எல்லாம் மதுரைத் திருவிளையாடல்தானே?

#8 செம்பில் களிம்பு

நல்ல கேள்வி. ஆனைக்காவில் சிலந்தியும் யானையும் வழிபட்டன. யானை பேறு பெற்றது, சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது. காளத்தியில் சிலந்தி, பாம்பு, யானை மூன்றும். வைணவத்தில் கசேந்திரன். சடாயுவுக்கு இராமன் மகன் நிலையில் நின்று ஈமக்கடன் செய்தான். புராணக் காலத்தோடு நிற்கவும் இல்லை. திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் 1948 ஜூன் 18 அன்று இறந்த இலட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி எழுப்பி, அது முத்தி பெற்றதாகவே பொறித்திருக்கிறார்கள்.

இவை விதியை உடைப்பவை அல்ல. ஆன்மா ஒரே வகை என்பதால்தான் இவை நடக்க இடமிருக்கிறது. வழக்கமான பாதை மனித உடம்பு வழி. அருள் நினைத்தால் குறுக்கே வரும். நாரையின் ஆன்மா வேறு வகைப் பொருளாக இருந்தால் அருளாலும் அதை முத்திக்கு ஏற்ற முடியாது.

#9 மணிக்கூண்டு

கிறிஸ்தவப் பக்கம் நான் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பில் ஒளிந்திருக்கும் ஒன்றைப் பலர் பார்த்ததில்லை.

ஆதியாகமம் 1:20-இல் நீரில் நீந்துவனவற்றுக்கு எபிரேய மூலம் தரும் சொல் 'நெபெஷ் ஹய்யா', அதாவது உயிருள்ளது. 2:7-இல் மண்ணால் உருவாக்கிய மனிதனுக்கும் அதே சொல்தான். எபிரேயத்தில் ஒன்றே. நம் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்தால், மீனுக்கு வரும்போது 'ஜீவஜந்து', மனிதனுக்கு வரும்போது 'ஜீவாத்துமா'. மூலத்தில் இல்லாத ஒரு படிக்கட்டைத் தமிழ் கட்டிவிட்டது! ஆங்கிலப் பெயர்ப்புகளிலும் இதே வேலை நடந்திருக்கிறது. 'ஆத்துமா மனிதனுக்கு மட்டும் என்று பைபிளே சொல்கிறது' என்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு சொற்களைத்தான் படித்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் மனிதனின் தனித்தன்மை எங்கே? 1:27-இல், 'தேவசாயல்'. அது மனிதனுக்கு மட்டும் சொன்னது.

பிரசங்கி 3:19 இன்னும் கறார். மனிதனுக்கும் மிருகத்துக்கும் சுவாசம் ஒன்றே என்கிறது. 21ஆம் வசனம் மனிதனின் ஆவி மேலே ஏறுகிறதா, மிருகத்தின் ஆவி கீழே இறங்குகிறதா, அறிகிறவன் யார் என்று கேட்டுவிட்டு விடை தராமல் விட்டுவிடுகிறது.

திட்டவட்டமான கோட்பாடு பிற்பாடு, 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸிடமிருந்து வருகிறது. அரிஸ்டாட்டிலின் மூன்று படிநிலைகளை எடுத்துக்கொண்டார்: தாவரத்துக்கு வளரும் ஆன்மா, விலங்குக்கு உணரும் ஆன்மா, மனிதனுக்குப் பகுத்தறியும் ஆன்மா. கவனியுங்கள், விலங்குக்கு ஆன்மா இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. உண்டு, ஆனால் உடம்போடு அழியும் என்றார். காரணம் இது: பார்த்தல், கேட்டல், பசித்தல் எல்லாம் உடலுறுப்பு இல்லாமல் நடக்காது. விலங்கின் ஆன்மாவுக்கு இவற்றைத் தவிர வேறு தொழில் இல்லை. உறுப்பு போனால் அதற்கு வேலை இல்லை, வேலை இல்லாதது தனித்து நிற்காது. மனிதனின் புத்தி மட்டும் எந்த உறுப்பின் தொழிலும் அல்ல, அதனால் மனித ஆன்மா தனித்து நிற்கும். இந்த வாதத்தை ஏற்கலாம், மறுக்கலாம். 'கிறிஸ்தவத்தில் விலங்குக்கு ஆன்மா இல்லை' என்று சுருக்குவது மட்டும் பிழை.

#10 நாகூர்க் காற்று

இஸ்லாத்தில் இரண்டு சொல்: நஃப்ஸ் (தன்னுயிர்), ரூஹ் (ஆவி). ரூஹ் பற்றிக் கேட்டால் அது இறைவனின் கட்டளையைச் சேர்ந்தது, உங்களுக்குக் கொடுக்கப்பட்ட அறிவு சொற்பம் என்பது குர்ஆன் 17:85. அதற்குமேல் அளந்து பேச அறிஞர்கள் தயங்குவார்கள். நானும் தயங்குகிறேன்.

விலங்கின் நிலை பற்றித் தெளிவான வசனம் 6:38. பூமியில் ஊர்வனவும் இரு சிறகால் பறப்பனவும் உங்களைப் போன்ற உம்மத்துகளே, பிறகு தங்கள் இறைவனிடமே ஒன்று திரட்டப்படும். உம்மத்து என்றால் சமுதாயம். மறுமையில் கொம்பில்லாத ஆட்டுக்குக் கொம்புள்ள ஆட்டிடமிருந்துகூட நியாயம் வாங்கித் தரப்படும் என்பது இமாம் முஸ்லிமின் தொகுப்பில் உள்ள ஹதீஸ் (நபிமொழி). அந்தக் கணக்குத் தீர்ந்தபின் விலங்குகள் மண்ணாகிவிடும் என்று விரிவுரையாளர்கள் விளக்குவார்கள். சொர்க்கமும் நரகமும் ஏவல் விலக்கல் சுமத்தப்பட்டவர்களுக்கு, அதாவது 'தக்லீஃப்' உள்ளவர்களுக்கு. விலங்குக்கு அந்தச் சுமை இல்லை.

மூன்றாவது கேள்விக்கு: பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் அதற்காகவே தண்டிக்கப்பட்டாள், தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார். இரண்டும் ஹதீஸ். அறுப்பில் சட்டமே ஒழுங்கு சொல்கிறது. கத்தி நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும், பிராணியின் கண்முன் தீட்டக்கூடாது, ஒன்றின் முன் இன்னொன்றை அறுக்கக்கூடாது. மூச்சுக்குழல், உணவுக்குழல், கழுத்தின் இரு பக்க இரத்தக்குழாய்கள் தடங்கலில்லாமல் அறுபட வேண்டும். மொண்ணைக் கத்தியால் திரும்பத் திரும்ப இழுப்பதுதான் பெரிய தவறு. குழாய் பாதி அறுபட்டால் இரத்தம் மெதுவாக வடியும், ஆட்டின் நினைவு தப்ப நேரமாகும். குர்பான் (பலி கொடுக்கும்) நாளில் அவசரப்படுகிறவர்கள் இதில்தான் சறுக்குவார்கள்.

#11 நுண்ணோக்கி

'ஆன்மாவின் எடை 21 கிராம், நாய்க்கு அது இல்லை' என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

அமெரிக்க மருத்துவர் டங்கன் மெக்டூகல் 1907-இல் வெளியிட்டது. இறக்கும் தறுவாயில் இருந்த 6 பேரைக் கட்டிலோடு தராசில் வைத்தார். தராசின் நுட்பம் ஏறத்தாழ 5.6 கிராம். 6 பேரில் இருவரின் அளவீட்டை அவரே ஒதுக்கினார். மிச்சமிருந்தவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. முதல் நோயாளியின் முக்கால் அவுன்ஸ்தான் உலகம் முழுக்கச் சுற்றும் 21 கிராம். பிறகு 15 நாய்களை வைத்துப் பார்த்தார், எடை குறையவில்லை. 'நாய்க்கு ஆன்மா இல்லை' என்ற முடிவு அங்கிருந்து வந்தது.

அதே ஆண்டே அகஸ்டஸ் கிளார்க் என்ற மருத்துவர் ஓட்டையைக் காட்டினார். நுரையீரல் நின்றதும் இரத்தம் குளிர்வது நிற்கும், உடல்சூடு சற்று ஏறும், வியர்வை கூடும், ஈரம் ஆவியாகி எடை இறங்கும். நாய்க்கு மனிதனைப்போல் உடம்பு முழுக்க வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூடு தணிக்கும். அதனால் செத்தபின் எடை இறங்காது. அந்தத் தராசு அளந்தது வியர்வைச் சுரப்பியாக இருக்கலாம் என்பதே அவர் மறுப்பின் சாரம்.

உருப்படியான ஆராய்ச்சி வேறு பக்கம். 1970-இல் கார்டன் கேலப் செய்த கண்ணாடிச் சோதனை: முகத்தில் பொட்டிட்டு, கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தைத் தொடுகிறதா என்று பார்ப்பது. சிம்பன்சி தேறியது. 2006-இல் ஆசிய யானை, 2008-இல் மேக்பை பறவை, 2019-இல் துப்புரவு மீன் தேறியதாக ஆய்வுகள் வந்தன. நாய் தேறாது. அதற்கு உலகம் மூக்கு, கண்ணாடிக்கு வாசனை இல்லை. ஆகவே இந்தச் சோதனையில் தோற்றது என்றால் தன்னுணர்வு இல்லை என்று படிக்கக்கூடாது. 2012 ஜூலையில் கேம்பிரிட்ஜில் நரம்பியலாளர்கள் வெளியிட்ட பிரகடனம் பாலூட்டி, பறவைகளோடு ஆக்டோபஸையும் நனவுக்குரிய நரம்பு அமைப்பு உள்ளவற்றில் சேர்த்தது.

சுருங்கச் சொன்னால், விலங்குக்கும் நனவு உண்டு. எனவே ஆன்மா விவாதம் பாதி முடிந்த மாதிரிதான்.

#12 செம்பில் களிம்பு

முடியவில்லை நண்பரே. நீங்கள் அளந்தது ஆன்மாவை அல்ல.

சித்தாந்தத்தில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் அந்தக்கரணங்கள். அவை மாயையின் காரியம். சடம், அதாவது அறிவற்றவை. தாமாக எதையும் அறியாது, ஆன்மா அவற்றைக் கொண்டு அறியும். யானை கண்ணாடியில் தன்னை அடையாளம் கண்டால், யானைக்கு நல்ல கரணம் வாய்த்திருக்கிறது என்று தெரிகிறது. அவ்வளவுதான். தேறாத நத்தைக்குக் கரணம் குறைவு. இரண்டிலும் ஆன்மா அதேதான். ஆகையால் உங்கள் ஆய்வு என்ன முடிவு சொன்னாலும் சித்தாந்தத்துக்குக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

அது உண்மையில் இடிப்பது #9-இல் மணிக்கூண்டு சொன்ன அக்குவினாஸை. அவர் புத்தியை ஆன்மாவின் சொந்த ஆற்றலாகவே வைத்து, அதை மனிதனுக்கு மட்டும் கொடுத்து, அதன்மேல் அழியாமையைக் கட்டினார். காகம் திட்டமிடும் என்று காட்டினால் அவருடைய வேலி ஆடும்.

#13 மணிக்கூண்டு

அவ்வளவு சுலபமாக ஆடாது ஐயா. அக்குவினாஸ் விலங்குக்கு நினைவும் கற்பனையும் கொடுத்திருக்கிறார், ஆடு ஓநாயைக் கண்டதும் ஆபத்தென்று கணிக்கும் ஆற்றலையும் கொடுத்திருக்கிறார். அவர் மறுத்தது பொதுக்கருத்தை மட்டும். 'இந்த ஓநாய்' தெரியும், 'ஓநாய்மை' தெரியாது. காகம் கம்பியை வளைத்துப் புழு எடுப்பது 'இந்தப் புழு' கணக்கில் அடங்கும். ஆனால் கரணமும் ஆன்மாவும் வேறு என்ற உங்கள் பிரிப்பு எங்களிடம் இல்லை என்பது உண்மை. அங்கேதான் இரண்டும் உண்மையில் பிரிகின்றன. மற்றதெல்லாம் சொல் தகராறு.

#14 போதி நிழல்

எல்லாரும் 'உண்டு' என்று தொடங்குகிறீர்கள். பௌத்தத்தில் அனாத்மா: நிலையான ஆன்மா நாய்க்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. இல்லாமையில் இருவரும் சமம் 🙂 தொடர்வது வினையும் உணர்வின் ஓட்டமும். விளக்கிலிருந்து விளக்கு ஏற்றினால் சுடர் தொடரும், ஆனால் எந்தப் பொருளும் தாண்டிப் போவதில்லை. அந்த ஓட்டம் விலங்குலகிலும் மனித உலகிலும் மாறி மாறிப் பிறக்கும்.

மூன்றாவது கேள்விக்குப் பௌத்தர்களின் விசாக தினத்தைச் சொல்ல வேண்டும். புண்ணியம் என்று கடையில் மீனும் ஆமையும் குருவியும் வாங்கித் திறந்துவிடும் வழக்கம் இந்த ஊரில் உண்டு. அந்த உயிருக்கு நடப்பது இது. நன்னீர் மீனைக் கடலில் விட்டால் உப்பு நீர் அதன் உடம்பு நீரை வெளியே இழுக்கும், சீக்கிரமே சாகும். கூண்டில் பிறந்த குருவிக்கு இரை தேடத் தெரியாது. சிவப்புக் காது ஆமை பிழைத்துக்கொள்ளும், பிழைத்து உள்ளூர் ஆமையின் இடத்தைப் பிடிக்கும். கடைக்காரர் அடுத்த விசாகத்துக்கு இன்னும் கூடுதலாகப் பிடித்து வைப்பார். அனுமதியில்லாமல் விடுவது குற்றம் என்று தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. உயிரை விடுவிக்க வேண்டுமென்றால் அந்த நாளில் ஒரு வேளை இறைச்சி வாங்காமல் இருப்பது போதும்.

#15 ஈரச்சந்தை

தத்துவம் எல்லாம் படித்தேன். நான் நண்டுக்கு வருகிறேன். மிளகாய் நண்டு நம்ம ஊர்ச் சாப்பாடு, வீட்டிலும் உயிர் நண்டு வாங்கிச் சமைக்கிறோம். 4 அறிவு என்று #4 சொல்கிறார். பிரிட்டன் 2022-இல் விலங்கு உணர்வுச் சட்டத்தில் நண்டு, இறால், ஆக்டோபஸ், கணவாய் வகைகளைச் சேர்த்தது. அதற்கு முன்பே துறவி நண்டில் சோதனை நடந்தது: அது குடியிருக்கும் காலி நத்தை ஓட்டுக்குள் லேசாக மின்னதிர்ச்சி கொடுத்தால் ஓட்டை விட்டு வெளியேறும், ஆனால் அதற்குப் பிடித்த வகை ஓடு என்றால் லேசில் விடாது. வெறும் அனிச்சைச் செயல் என்றால் ஓட்டின் தரம் பார்த்து மாறாது.

ஆகவே ஆன்மா உண்டோ இல்லையோ, செய்முறை இப்படி இருக்கட்டும்:

பெரிய பாத்திரத்தில் 3 பங்கு ஐஸ், 1 பங்கு தண்ணீர், கைப்பிடி கல்லுப்பு. வெறும் தண்ணீர் மட்டும் வேண்டாம், உப்பில்லாத நீர் கடல் நண்டுக்குத் தனி வதை. கயிற்றை அவிழ்க்காமல் முழுக மூழ்க வையுங்கள், குறைந்தது 20 நிமிடம். பெரிய நண்டுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். கண்காம்பைத் தொட்டால் உள்ளிழுக்கக்கூடாது, காலைத் தூக்கினால் தொங்க வேண்டும். அசைவு இருந்தால் திரும்ப ஐஸில்.

பிறகு மல்லாத்தி, அடிவயிற்று மடிப்பைத் தூக்கினால் கீழே ஒரு சிறு குழி தெரியும். கூர்மையான கம்பியோ ஒடுங்கிய கத்தியோ அதில் நேராக இறக்குங்கள். அடுத்து முன்பக்கம், கண்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சற்றுச் சாய்வாக. இரண்டையும் சில நொடிக்குள் முடிக்க வேண்டும். நண்டுக்கு முதன்மை நரம்பு மையம் இரண்டு. ஒன்றை மட்டும் குத்தினால் மற்றது வேலை செய்துகொண்டே இருக்கும். பலர் நேராக இரண்டாக வெட்டிவிட்டு உடனே செத்துவிட்டது என்று நினைப்பது அதனால்தான் தப்பு.

கொதிநீரில் உயிரோடு போட்டால் கால்களைக் கழற்றிவிடும், சாறு வெளியேறி இறைச்சி நீர்த்துப்போகும். நேராக உறைபெட்டியில் வைத்தால் சாவதற்கும் நேரம் பிடிக்கும், சதையும் நொறுங்கும். நல்ல முறையில் செய்தால் கறியும் நன்றாக வரும், அது வேறு விஷயம்.

#16 தேக்கா தும்பி

அருமை. இனி ஒரு நடைமுறைக் கேள்வி, தனிமடலில் பலர் கேட்டது: வீட்டு நாயோ பூனையோ இறந்தால் திதி, பிண்டம் கொடுக்கலாமா? (பூனைக்கு ஆன்மா உண்டோ இல்லையோ, 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் 2 வரை இருக்க உரிமை உண்டு. ஆகவே இந்தக் கேள்வி கூடத்தான் போகிறது.)

#17 ஏட்டுச்சுவடி

பிண்டம் மூன்று தலைமுறைக்கு. தந்தை வசுவாகவும் பாட்டன் உருத்திரராகவும் முப்பாட்டன் ஆதித்தராகவும் நினைத்துக் கொடுப்பது. வளர்ப்பு விலங்கு அந்த வரிசையில் வராது. அய்யரிடம் போய் நாய்க்குப் பிண்டம் கேட்டால் அவர் தடுமாறுவது முரட்டுத்தனத்தால் அல்ல, மந்திரத்தில் கோத்திரமும் பெயரும் வைக்கும் இடத்தில் வைக்க ஒன்றும் இல்லை. கயாவில் விலங்காக, பறவையாக, புழுவாகப் பிறந்தவர்களுக்கும் பிண்டம் உண்டு என்று காட்டுவார்கள். அது விலங்குப் பிறவி எடுத்துவிட்ட நம் முன்னோர்க்கு. விலங்குக்கு அல்ல.

ஆனால் தர்ப்பண மந்திரத்தில் 'ஆப்ரஹ்ம ஸ்தம்ப பர்யந்தம்' என்று ஒன்று உண்டு. பிரமன் முதல் புல்வரை எல்லாம் நிறைவடையட்டும் என்று நீர் விடுவது. அங்கே நாயும் அடங்கிவிடுகிறது. வீட்டில் ஒரு நல்லெண்ணெய் விளக்கு, கோயிலில் மோட்ச தீபம், அன்னதானத்துக்குக் கொஞ்சம் பணம். இவற்றுக்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள்.

காகத்துக்குச் சோறு வைப்பவர்களுக்கும் ஒன்று. காட்டுயிர்ச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டபின், காட்டுயிர்க்கு உணவிட்டால் முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடியும் என்றால் 10,000. அமாவாசை அன்று தாழ்வாரச் சுவரில் எள்ளுஞ்சோறு வைத்தால் காகத்தோடு எலியும் வரும். படைத்துவிட்டு வீட்டாரே உண்டுவிடுங்கள்.

#18 செம்பில் களிம்பு

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் பதறுவார்கள். இறந்த சில மணி நேரத்தில் உடம்பு விறைக்கும். அதற்குமுன் கால்களை மடித்து, தூங்குவதுபோல் சுருட்டிப் படுக்கவைக்க வேண்டும். விறைத்தபின் வளைக்க வராது. வால்பக்கம் ஈரம் உறிஞ்சும் விரிப்பு, அதன்மேல் பழைய துண்டு. குளிர்சாதனத்தைப் போட்டு அறையை நன்றாகக் குளிர வையுங்கள். பூங்காவிலோ புளோக் புல்வெளியிலோ புதைக்கக்கூடாது. செல்லப்பிராணி எரியூட்டும் இடத்தில் தனியாகவா, மற்றவற்றோடு சேர்த்தா என்று கேட்பார்கள். சேர்த்து எரித்தால் சாம்பல் கிடைக்காது, பிற்பாடு கேட்டுப் பயனில்லை. நாய் என்றால் உரிமத்தை ரத்து செய்ய மறக்க வேண்டாம்.

2008-இல் ஒராங் ஊத்தான் ஆ மெங் இறந்தபோது விலங்குத் தோட்டத்தில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு ஏறக்குறைய 4,000 பேர் போனார்கள். எந்தச் சமயத்தின் சடங்கும் அதற்கு அளவெடுத்துத் தைத்ததல்ல. போனார்கள்.

#19 புளோக் அடிப் பூனை

கடைசியா ஒண்ணு. லக்சா நூடுல்ஸ்ல போடுற கேராங் (சின்னச் சிப்பி)? அதுவும் உயிரோடதானே கொதிநீர்ல போகுது. அதுக்கும் ஐஸ் வைக்கணுமா?

#20 நுண்ணோக்கி

சிப்பி வகைக்கு மூளை என்று ஒரு மையம் இல்லை, சில நரம்பு முடிச்சுகள் மட்டும். பிரிட்டன் சட்டத்திலும் அது சேரவில்லை. நண்டுக்கு உள்ள அளவு ஆதாரம் கேராங்குக்கு இல்லை.

#21 அருகன் நிழல்

ஈரறிவு. எங்கள் கணக்கில் அதுவும் சீவன்தான், நண்டைப் போலவே, நாயைப் போலவே. மூளையைக் கேட்டு நாங்கள் எண்ணவில்லை.

#22 ஈரச்சந்தை

கேராங்கை உப்புத் தண்ணீரில் 2 மணி நேரம் போட்டு மண் கக்க வையுங்கள், ஓட்டைத் தட்டிப் பார்த்து மூடாததை வீசுங்கள். சீவன் இருக்கிறதா என்று சமையலறையில் தெரிந்துகொள்ள அதுதான் வழி. மூடினால் உண்டு.